இறங்கிய முள்: கொடைக்கானல் மலைப்பாதையில் சூடேறிய ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

திண்டுக்கல்லில் நான் நடத்தும் சின்னப் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியைப் பற்றிய பதிவு இது. உரிமையாளரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், பதிவு எண், வண்டியின் கம்பெனி எதையும் சொல்லப்போவதில்லை. எந்தக் கம்பெனி வண்டியிலும் இது நடக்கும் என்பதால் அந்த விவரம் தேவையும் இல்லை. நடந்த தவறுகளில் ஒரு பங்கு என்னுடையது. அதை விட்டுவிட்டு எழுதினால் பாதிக்கதைதான் மிஞ்சும்.

பின்னணி

2015ஆம் ஆண்டு வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், அலுமினிய ஹெட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்). சம்பவத்தன்று ஓடோமீட்டர் 86,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. உரிமையாளர் பள்ளி ஆசிரியர். பள்ளிக்கூடம், வீடு, மாதம் ஒருமுறை பழனி, எப்போதாவது மதுரை என்று ஓடுகிற வண்டி. ஆயில் மாற்றும் தேதியை டைரியில் குறித்து வைக்கிற மனிதர். வண்டியைக் கவனிக்காதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

முதல் நான்கைந்து வருடம் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டார். அப்புறம் என்னிடம் வந்தார். பழைய பில்களைப் பிறகு புரட்டிப் பார்த்தபோது, கூலன்ட் (இன்ஜினை ஆற்ற அதற்குள் சுற்றி ஓடும் திரவம்) கடைசியாக மாற்றப்பட்டது 2019இல். அந்த வகைக் கூலன்ட்டுக்குக் கையேட்டில் போட்டிருந்த கெடு இரண்டு வருடம். நீண்ட காலம் தாங்கும் கூலன்ட்களும் உண்டு, ஆனால் இதில் ஊற்றியிருந்தது அதுவல்ல. என்னிடம் வந்த பிறகும் நான் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மலைக்கு முந்தைய மாதங்கள்

2024 ஜனவரியில் ஒருநாள் பானெட்டைத் திறந்தபோது, ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்ததைப் பார்த்திருக்கிறார். வீட்டு போர் தண்ணீரை அரை பாட்டில் ஊற்றினார். மூன்று வாரம் கழித்து மறுபடி குறைந்திருந்தது, மறுபடி ஊற்றினார். இப்படியே மார்ச் வரை போயிருக்கிறது.

நடுவில் பிப்ரவரியில் வண்டி என்னிடம் சர்வீஸுக்கு வந்தது. ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், முன் பிரேக் பேடு. என் பட்டறைப் பையன் பாட்டிலில் தண்ணீர் குறைவாக இருப்பதைப் பார்த்து நிரப்பிவிட்டு, வேலைச் சீட்டில் ‘வாட்டர் டாப்அப்’ என்று எழுதியிருக்கிறான். அதில் கையெழுத்துப் போட்டது நான். மூடிய சுற்றில் ஓடுகிற தண்ணீர் ஏன் குறைந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஏப்ரலில் பாட்டிலில் அளவு குறைவது நின்றுவிட்டது. வாராவாரம் பார்க்கிறார், இரண்டு கோட்டுக்கும் நடுவிலேயே நிற்கிறது. “தானாவே சரியாயிடுச்சுண்ணே, அப்படித்தான் நினைச்சேன்” என்று பிறகு என்னிடம் சொன்னார். நல்ல செய்தி மாதிரி தெரிந்த இதுதான் முதல் கெட்ட செய்தி. ஏன் என்பது பட்டறையில் வண்டியைப் பிரித்தபோதுதான் எங்கள் இருவருக்குமே விளங்கியது.

அன்று காலை

மே கடைசி வாரம். உரிமையாளர், மனைவி, மாமியார், மனைவியின் தம்பி, எட்டு வயது மகள் என ஐந்து பேர், பின்னால் இரண்டு பெட்டி. செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாகப் போய் காமக்காபட்டி சோதனைச் சாவடியில் இ-பாஸைக் காட்டிவிட்டு மலையேறினார்கள். அந்த மாதம்தான் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் கட்டாயமாகியிருந்தது, கூட்டம் ஊர்ந்துகொண்டிருந்தது. ஏசி முழு வேகத்தில் ஓடியது. முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர்.

டம் டம் பாறை காட்சிமுனையில் இறங்கிப் படம் எடுத்துவிட்டுத் திரும்பியபோது, வண்டிக்கு அடியில் முன்பக்கம் நாலைந்து சொட்டு ஈரம். “ஏசி தண்ணி மாமா” என்றார் மைத்துனர். கோடையில் ஏசி ஓடும் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது சகஜம்தான். ஆனால் ஏசி தண்ணீர் பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு நேர் கீழே, முன் இருக்கை ஆள் கால் வைக்கிற இடத்துக்கு அடியில் விழும். நிறம், மணம், பிசுக்கு எதுவும் இருக்காது. இது பெல்ட் பக்கம், இன்ஜினுக்கு நேர் கீழே விழுந்திருந்தது. கூலன்ட் என்றால் விரலில் தேய்த்தால் வழவழக்கும், லேசாக இனிப்பு வாடை வரும். (நாக்கில் வைத்துப் பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், தரையில் சிந்தியதை நாய் நக்கினாலும் ஆபத்து.)

அதற்குப் பிறகு நடந்ததை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதுகிறேன். நேரத்தில் ஐந்து பத்து நிமிடம் முன்பின் இருக்கலாம்.

பத்து மணி வாக்கில் ஏசியில் குளிர்ச்சி குறைந்தது. கேஸ் குறைந்துவிட்டது போல என்று பேசிக்கொண்டார்கள். பல கார்களில் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால், சுமையைக் குறைக்க கணினியே ஏசி கம்ப்ரசரை நிறுத்திவிடும். இந்த வண்டியும் அப்படிப்பட்டதுதான். யாரும் முள்ளைப் பார்க்கும் முன்னால் வண்டி கொடுத்த முதல் எச்சரிக்கை அது.

சற்று நேரத்தில் பார்த்தால் வெப்பநிலை முள் பாதியைத் தாண்டியிருந்தது. அப்புறம் ‘எச்’ எழுத்தை நெருங்கியது. நிறுத்த நினைத்தார், இடமில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தடுப்புச் சுவர், பின்னால் அரசுப் பேருந்து. அந்த வளைவில் நிறுத்தாதது சரியான முடிவு என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அந்த இடைவெளியில் செய்யக்கூடியவை இரண்டு இருந்தன. ஏசியை நிறுத்துவது ஒன்று. ஹீட்டரை முழுச் சூட்டில், முழு விசிறி வேகத்தில் வைத்துக் கண்ணாடிகளை இறக்குவது இன்னொன்று. ஹீட்டருக்கென்று டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வாங்கி வெளியே தள்ளும். மே மாதத்தில் ஹீட்டரைப் போடு என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும், ஆனால் சுற்றில் தண்ணீர் மிச்சம் இருக்கும்வரை அது உதவும். ஏசி சுவிட்ச் குழந்தைக்காகப் போட்டபடியே இருந்தது. ஹீட்டர் விஷயம் அவருக்குத் தெரியாது.

முள் இறங்கியது

பேருந்து நிறுத்தம் போன்ற ஓர் அகலமான இடம் முன்னால் தெரிந்தது. நிறுத்த இண்டிகேட்டர் போட்ட நேரத்தில் முள் மளமளவென்று இறங்கி ‘சி’ பக்கம் வந்து நின்றது.

“அப்பாடா” என்றாராம் மாமியார். இண்டிகேட்டரை அணைத்துவிட்டு மேலே ஏறினார்கள்.

இந்த ஒரு நொடிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். டேஷ்போர்டில் இருக்கும் முள் இன்ஜினின் சூட்டைக் காட்டுவதில்லை. சென்சாரின் நுனியைச் சுற்றி என்ன இருக்கிறதோ, அதன் சூட்டைக் காட்டும். அது தண்ணீரில் முங்கியிருக்கும் என்ற நம்பிக்கையில் அமைத்த ஏற்பாடு. தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே போய், நுனி காற்றிலும் நீராவிக் குமிழியிலும் நின்றால், உலோகம் கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் இறங்கிவிடும். தண்ணீரிலிருந்து வெளியே எடுத்த தெர்மாமீட்டர் போலத்தான்.

மலையேறும் வண்டியில், சுமை குறையாமல், முள் மேலிருந்து மெதுவாக வந்தால் அது ஆறுகிறது. பட்டென்று விழுந்தால் தண்ணீர் தீர்ந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். கூலன்ட் சுற்றில் இருக்கும்போது இன்ஜினை ஓடவிட்டு விசிறியால் ஆற்றுவது சில சமயம் பலிக்கும். சுற்றில் கூலன்ட் இல்லாதபோது ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் ஹெட்டைத் தின்னும்.

அவர்கள் இன்னும் நான்கு கிலோமீட்டர் போனார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி இழுக்கவில்லை. ‘டிக் டிக்’ என்ற தட்டுச் சத்தம். காய்ந்த வெல்லப்பாகு மாதிரி ஒரு வாடை. பானெட் இடுக்கில் ஆவி. பெருமாள்மலைக்குச் சற்று முன்னால் ஒரு மக்காச்சோளக் கடைக்கு எதிரே வண்டி தானாகவே அணைந்தது.

தொலைபேசி அழைப்பு

வண்டி நின்றதும் அவர் செய்தவை நன்றாகவே இருந்தன. நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டார், கை பிரேக் போட்டார், பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தார், எல்லோரையும் இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்கவைத்தார். அப்புறம் எனக்கு அழைத்தார்.

நான் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். ஹீட் ஆகி நின்றுவிட்டது என்றார். “ஆஃப்லயே வைங்க சார், ஆறட்டும். அப்புறம் தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாருங்க” என்றேன். வேறு வண்டிக்காரர் கூப்பிட்டார், வைத்துவிட்டேன். மொத்தம் நாற்பது விநாடி இருக்கும்.

எவ்வளவு நேரம் ஆற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூடியைத் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. எனக்குச் சொல்லவே தேவையில்லாத விஷயம் அது, முப்பது வருடப் பழக்கம். எதிர்முனையில் இருந்தவர்களுக்கு அப்படியில்லை.

காயம்

பத்து நிமிடம் கழித்து மைத்துனர், துண்டை நாலாக மடித்து ரேடியேட்டர் மூடிமேல் வைத்து அழுத்தித் திருப்பினார். முதல் திருப்பில் ‘உஸ்’ என்றது. இரண்டாம் திருப்பில் மூடி கையை விட்டுப் பறந்தது. வலது முன்கையிலும் கழுத்தோரத்திலும் கொதிநீர் அடித்தது.

உள்ளே தண்ணீர் அதிகம் இல்லாதபோது எப்படி இவ்வளவு வேகம் என்று பலரும் கேட்டார்கள். மூடிய சுற்றுக்குள் அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், மிச்சத் தண்ணீரில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகும். ஆவியான தண்ணீர் தன் பழைய அளவைப் போல சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். ஒரு டம்ளர் தண்ணீரே போதும். போதாததற்கு, மலைமேல் காற்றழுத்தம் குறைவு. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1,500 மீட்டர் உயரத்தில் 95 டிகிரியிலேயே திறந்த பாத்திரத்தில் கொதித்துவிடும்.

துண்டு காப்பாற்றும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கொதிநீரை உறிஞ்சிய துண்டு தோலோடு ஒட்டிக்கொண்டு சூட்டைப் பிடித்து வைத்தது. முன்கையில் ஆழமாகப் புண்ணானது சரியாகத் துண்டு கிடந்த இடத்தில்தான்.

மாமியார் பற்பசையைத் தேடினார். மக்காச்சோளக் கடை அம்மா, “பேஸ்ட்டு, மாவு எதுவும் வேணாம். தண்ணியில வைப்பா, எடுக்காத” என்று சொல்லி, கடைக்கு வைத்திருந்த இரண்டு குடம் தண்ணீரையும் கையில் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் வீங்குவதற்கு முன் கழற்றச் சொன்னவரும் அவர்தான். தீக்காயத்துக்குக் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் விடுவதுதான் முதலுதவி. ஐஸ் வைக்கக் கூடாது, மை, மஞ்சள், பற்பசை பூசக் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது. அவருக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாக இருந்திருக்கிறார். பிறகு சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி, ஒரு வேனில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

வண்டியை இறக்கியது

இரண்டாவது அழைப்பில்தான் எனக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது. அப்போது ஆசிரியருக்கு அருகில் நின்ற ஒருவர், “இறக்கம்தானே, இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல உருட்டிட்டே வத்தலக்குண்டு போயிடலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தது போனில் கேட்டது. வேண்டவே வேண்டாம் என்றேன். இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. மிச்சமிருப்பதில் இரண்டு மூன்று மிதி கிடைக்கும், அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இருக்காது. கியர் பிடிமானமும் இல்லாமல் அத்தனை வளைவு. கெட்டுப்போனது ஒரு ஹெட். அதற்காக ஆட்களைப் பணயம் வைக்க முடியாது.

தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா என்றும் கேட்டார். அதையும் மறுத்தேன். சூடான அலுமினியத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் விரிசல் விடலாம். தட்டுச் சத்தத்தோடு அணைந்த இன்ஜினைத் திரும்ப ஓட்டினால், பிழைத்திருக்கும் பிஸ்டனும் போகலாம்.

பிளாட்பெட் ரெக்கவரி வண்டி கீழிருந்து வந்து ஏற்றிக்கொண்டது. 7,000 ரூபாய். இரண்டு நாள் கழித்து இன்சூரன்ஸ் காகிதத்தைப் பார்த்தால், சாலையோர உதவிக்கு அவர் ஏற்கெனவே பிரீமியம் கட்டியிருக்கிறார்! பாலிசியின் இரண்டாம் பக்கத்தில் கட்டணமில்லா எண்ணே இருந்தது. ரிப்பேர் செலவு பாலிசியில் வராது என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. விபத்தில்லாமல் தானாகப் பழுதாகும் இயந்திரக் கோளாறை வழக்கமான மோட்டார் பாலிசி ஏற்பதில்லை.

பட்டறையில் பார்த்தது

மறுநாள் காலை, நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் திறந்தேன். பாட்டிலில் தண்ணீர் இரண்டு கோட்டுக்கும் நடுவில், அழகாக நின்றது. ரேடியேட்டரைக் கீழே திறந்துவிட்டால் செம்மண் நிறத்தில் ஒரு லிட்டர்கூடத் தேறவில்லை. மொத்தக் கொள்ளளவு நான்கு லிட்டருக்கு மேல்.

பாட்டில் நிறைந்திருக்க ரேடியேட்டர் எப்படிக் காலியாகும்? ரேடியேட்டர் மூடிக்கு இரண்டு வேலை. சூட்டில் விரியும் கூலன்ட், குறித்த அழுத்தத்தைத் தாண்டினால் பாட்டிலுக்குப் போக வழிவிடுவது ஒன்று. இன்ஜின் ஆறும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடம், பாட்டிலிலிருந்து அதைத் திரும்ப உறிஞ்ச வழிவிடுவது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலைக்கு உள்சுற்று காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். இந்த வண்டியில் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. கூலன்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பின் சீலும் (கசியாமல் அடைக்கும் வளையம்) போயிருந்தது. இன்ஜின் ஆறும்போதெல்லாம் அந்த ஓட்டைகள் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டதே தவிர, பாட்டிலிலிருந்து ஒரு சொட்டும் எடுக்கவில்லை. ஏப்ரலில் பாட்டில் குறைவது நின்றதன் பொருள் இதுதான். ரேடியேட்டர் பாட்டிலைக் கேட்பதையே நிறுத்திவிட்டது.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னக் கசிவுத் துளை இருக்கும். சீல் போனால் தெரியட்டும் என்றே வைத்தது. அதிலிருந்து கீழ்நோக்கி வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, உப்பளத்துப் பாத்தி ஓரம் மாதிரி ஒரு தடம் காய்ந்து கிடந்தது. ஒரு வாரத்தில் வந்த தடமல்ல. பிப்ரவரியில் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மூடியை டெஸ்டரில் போட்டேன். மேலே 0.9 பார் (அழுத்தத்தின் அலகு) என்று அச்சிட்டிருந்தது, 0.4 பாரிலேயே விட்டுவிட்டது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் மொத்தச் சங்கதியும். 0.9 பார் தாங்கும் மூடி சமவெளியில் வெறும் தண்ணீரையே 118, 119 டிகிரி வரை கொதிக்காமல் பிடிக்கும், சரியான கலவைக் கூலன்ட் என்றால் இன்னும் மேலே. 0.4இல் விட்டுவிடும் மூடியும் 1,500 மீட்டர் உயரமும் சேர்ந்தால் 106 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையேற்றத்தில் அந்தச் சூடு ஒன்றும் அதிசயமல்ல.

உப்பும் சுண்ணாம்பும் ரேடியேட்டர் குழாய்களில் படிந்து கால்வாசியை அடைத்திருந்தன. ஐந்து வருடப் பழைய கூலன்ட்டில் துரு தடுக்கும் மருந்து தீர்ந்துபோயிருக்கும். மிச்சத்தைப் போர் தண்ணீர் நீர்க்கவைத்திருக்கிறது. நம் பக்கத்து போர் தண்ணீர் வெந்நீர்ப் பாத்திரத்தில் என்ன செய்கிறதோ, அதையேதான் ரேடியேட்டரிலும் செய்யும்.

ஆயில் கேஜைத் துடைத்துப் பார்த்தேன், பால் காபி நிறம் இல்லை. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை என்பது சின்ன ஆறுதல். ஸ்டார்ட் செய்யாமல், ஸ்டார்ட்டர் மோட்டாரை மட்டும் சுழற்றி கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் உண்டாகும் அழுத்தம்) எடுத்தோம். ஒன்றும் நான்கும் 12 பாரை ஒட்டி, நடுவில் இரண்டும் மூன்றும் 6 தான். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் சேர்ந்து இறங்கினால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) வெந்துவிட்டது என்று பொருள். ஹெட்டை இறக்கி, இரும்பு நேர்விளிம்பை வைத்து ஃபீலர் கேஜைச் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகினால் 0.12 மில்லிமீட்டர் வளைவு. இந்த இன்ஜினுக்கு அனுமதி 0.05. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் அளவு வித்தியாசம், அதற்குத்தான் இத்தனை பாடு.

எடுத்த முடிவும் காரணமும்

உறவினர்கள் சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ உள்ள பழைய பாகக் கடைகளில் பழைய இன்ஜின் வாங்கிப் போட்டுவிடலாம் என்றார்கள். சில வண்டிகளுக்கு அது சரியான வழிதான். இதில் பிஸ்டனிலும் சிலிண்டர் சுவரிலும் கோடு விழவில்லை, பிளாக்கின் மேல்தளம் நேராக இருந்தது. யாருடையதோ, எப்படி ஓடியதோ தெரியாத இன்ஜினைவிட இதன் பிளாக் நம்பிக்கையானது. தவிர இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டவர்கள் வண்டியை விற்கும்போது அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

ஹெட்டை லேத்தில் கொடுத்து விரிசல் சோதனை செய்து, ஃபேஸிங் அடித்தோம் (வளைந்த தளத்தைச் சீவிச் சமமாக்குவது). அடித்த பிறகும் உயரம் கம்பெனி சொன்ன குறைந்தபட்சத்துக்கு மேல் இருக்கிறதா என்று அளந்தோம், இருந்தது. ஹெட் போல்ட் எல்லாம் புதிது. இந்த வகை போல்ட், இறுக்கும்போது நீண்டுகொடுக்கும் வகை, பழசை மறுபடி போட்டால் பிடிமானம் போய்விடும். கேஸ்கெட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், இரண்டு ஹோஸ், மூடி, ரேடியேட்டர் எல்லாம் மாற்றினோம். ரேடியேட்டரைக் கழுவிப் போடலாம் என்று அவர் கேட்டார், அதில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. ஆயிலும் புதிது.

மொத்தம் சுமார் 42,000 ரூபாய். ஜனவரியிலேயே பார்த்திருந்தால் பம்ப், மூடி, கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்தை ஒட்டி முடிந்திருக்கும். என் கூலியை வாங்கவில்லை. பிப்ரவரிச் சீட்டை எடுத்துக் காட்டி, காரணத்தையும் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “நானும் மூணு மாசம் ஊத்திக்கிட்டே இருந்தேனே அண்ணே” என்றார்.

பின்னர்

கூலன்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றிய பிறகு மூன்று காலை வரிசையாக, ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளவு பார்த்தோம். நான்காம் நாள் நான்கு பேர் ஏறிக்கொண்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு சிறுமலைக்கு ஓட்டினோம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு, வண்டியைச் சோதிக்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. முள் பாதிக்குக் கீழேயே நின்றது, விசிறி நேரத்துக்கு ஓடி நேரத்துக்கு நின்றது. அதன் பிறகு பழனி, மதுரை, ஒருமுறை மறுபடி கொடைக்கானலும் போய்வந்தாயிற்று.

மைத்துனரின் கைக்கு மூன்று வாரம் கட்டு. கழுத்தில் தடம் இல்லை. முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நிறம் வெளுத்திருக்கிறது. வெயிலில் போகும்போது முழுக்கைச் சட்டைதான்.

இப்போது மாற்றியிருப்பவை

பட்டறைப் போனுக்கு மேல் சுவரில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறோம். ‘ஹீட்’ என்ற வார்த்தை காதில் விழுந்தால் போனை எடுத்தவர் முதலில் சொல்ல வேண்டியது: “மூடியைத் தொடாதீங்க. ஒரு மணி நேரம் ஆனாலும் தொடாதீங்க.” ஆட்கள் பத்திரமான இடத்தில் நிற்கிறார்களா என்பது இரண்டாவது கேள்வி. வண்டியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து ஆறியதா என்று தீர்மானிக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஹோஸில் தண்ணீரே இல்லாவிட்டால் அது சீக்கிரம் ஆறி ஏமாற்றும். அதனால் தொடவே வேண்டாம் என்பதே போதும் என்று விட்டுவிட்டேன்.

‘வாட்டர் டாப்அப்’ என்ற வரியை வேலைச் சீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன். இப்போது ‘கூலன்ட் குறைவு, காரணம்:’ என்று இருக்கிறது, அதை நிரப்பாமல் வண்டி வெளியே போகாது. பையனுக்கு அழுத்தச் சோதனை பம்ப்பைப் பழக்கியிருக்கிறேன். பத்து நிமிட வேலை. கசிவு இருந்தால் முள் தானே இறங்கிக் காட்டிக்கொடுக்கும், இந்த முள் பொய் சொல்லாது.

ஆசிரியர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, இரவு முழுக்க ஆறிய வண்டியில், பாட்டிலைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ரேடியேட்டர் மூடியையும் திறந்து, கூலன்ட் வாய்வரை நிற்கிறதா என்று பார்க்கிறார். (பல புதிய வண்டிகளில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது, பாட்டிலே அழுத்தத்தில் இருக்கும். அவற்றில் அந்த ஒரு அளவு போதும், சூட்டில் திறக்கக் கூடாது என்பது மட்டும் அதற்கும் பொருந்தும்.) குறைந்தால் ஊற்றுவதற்கு, கலந்தே வரும் அதே வகைக் கூலன்ட் ஒரு லிட்டர் டிக்கியில் இருக்கிறது. நிறம் ஒன்றாக இருந்தால் ஒரே வகை என்று வாங்கிவிடக் கூடாது என்பதால், டப்பாவின் மேல் வகையின் பெயரை அவரே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்.

ரிப்பேருக்குப் பிறகு அளவைக் குறிக்கப் பாட்டிலில் நான் ஒட்டிய மஞ்சள் டேப்பும் இன்னும் இருக்கிறது. அளவு எட்டு மாதமாக அந்தக் கோட்டை விட்டு அசையவில்லை. அசையவில்லை என்பதாலேயே மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்கிறார்.